பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

அலையோரம் சாய்த்துப் போட்டிருந்த பழைய ஃபைபர் பாய்ப்படகின் அடிப்பக்கத்தை லிகோரி சுரண்டிக்கொண்டிருந்தான். போன வாரம் நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறியபோது, அவனும் மச்சானும் சோற்றுச் சட்டியால் இறைத்து இறைத்துத்தான் உயிரோடு கரை சேர்ந்தார்கள். எங்கே ஒழுகியது என்பது இன்றுதான் தெரிந்தது. பச்சைப் பெயிண்டுக்கு அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரிசல். அதில் யாரோ பட்டி வைத்து அடைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. படகை அவனிடம் ஓட்டக் கொடுத்ததே அண்ணன் ததேயுதான்.

"பாறையில லேசா தட்டிட்டு. சொன்னா நீ கடலுக்குப் போவமாட்டன்னுதாம்ல சொல்லல" என்றான் ததேயு, பக்கத்தில் நின்று பல்லைக் குத்திக்கொண்டே.

லிகோரி ரெசின் பசையில் அதைக் காயவைக்கும் மருந்தைக் கலக்கினான். ஆத்திரத்தில் மருந்து கூடிப்போய் டப்பா கையைச் சுட்டது. சுடட்டும் என்று பிடித்துக்கொண்டே விரிசலின் மேல் ஃபைபர் இழைத் துணியை ஒட்டினான்.

"மேல பெயிண்ட அடிச்சு விட்டுரு. நாளைக்குப் படக வாங்க ஆளு வருது. அவங்ககிட்ட மூச்சு விடாத."

லிகோரியின் கை நின்றது. எழுந்து, தோள்கொடுத்துப் படகை நிமிர்த்தினான்.

"பிடிங்க அண்ணே. நாம ரெண்டு பேரும் ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம்."

"ஏல, கிறுக்கா புடிச்சிருக்கு? ஒட்டுனது இன்னும் காயலியே!"

"வெறும் பட்டிய அப்பி என்னய அனுப்புனியளே. இப்ப ஒட்டியாவது இருக்கு. ஏறுங்க."

ததேயு பின்னால் நகர்ந்தான். லிகோரி அவன் கையைப் பிடித்திழுத்துப் படகின் விளிம்பில் வைத்து அழுத்தினான். அடுத்த அலை வந்து படகைத் தூக்கியது.