முள் சரியும் முன்

“இன்னைக்கு லிஃப்ட் நிக்கட்டும் அக்கா. நின்னபடியே பார்த்துடுவோம்,” என்றேன்.

பொத்தானை நோக்கிப் போன லிஃப்ட் அக்காவின் விரல் அந்தரத்தில் நின்றது. முகம் செத்துப்போனது. ஆஸ்பத்திரி லிஃப்டை ஓட்டுகிறவள் அவள். வார்டு முழுக்க அவளுக்கு லிஃப்ட் அக்கா என்றுதான் பேர்.

உடம்பு நாற்பத்தைந்து கிலோவைத் தொடாமல் வயிற்றில் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நானோ நாற்பத்திரண்டு. ஆபரேஷன் இல்லையென்றால் நான் இல்லை. அந்தப் பயத்திலேயே சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

அப்போதுதான் அவள் வீட்டிலிருந்து பழைய எடை மெஷின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து லிஃப்டுக்குள் வைத்தாள்.

“வார்டு மெஷின் கிடக்குது குப்பை. இதுல ஏறு தம்பி.”

இருபது நாளாக அதே நாடகம். ஏறியதும் குனியக் கூடாது. அவள் ‘இப்போ பாரு’ என்றால்தான் பார்க்க வேண்டும். லிஃப்ட் வெடுக்கென்று மேலே கிளம்பும் அந்த நொடியில்தான் சொல்வாள். முள் துள்ளி நாற்பத்தாறைத் தாண்டும். அது சரியும் முன் தோளைப் பிடித்து என்னைக் கீழே இறக்கிவிடுவாள். அடேயப்பா, என்ன கணக்கு! ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

கிளம்பும் லிஃப்டில் தரை காலைக் கூடுதலாக உந்துகிறது. மெஷின் காட்டுவது அந்த உந்தலைத்தான். அதனால் உடம்பில் ஒரு பொட்டுச் சதைகூட ஏறுவதில்லை. எனக்குத் தெரியாதா என்ன?

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. படிப்பு வாசனையே இல்லாமல், பகலெல்லாம் லிஃப்டில் நின்று நின்று முழங்காலாலேயே இதைக் கண்டுபிடித்திருக்கிறாளே என்று மலைத்துப்போவேன். யாரோ ஒருவனுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாளே என்று நெஞ்சு நிறைந்துவிடும். அந்த நிறைவில் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

நாளைக் காலையில் டாக்டரே வார்டு மெஷினில் நிறுத்திப் பார்க்கப்போகிறார். அந்த மெஷின் எங்கேயும் கிளம்பாது.

நின்ற லிஃப்டில் மெஷின் மேல் ஏறினேன். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நான் குனிந்து பார்த்தேன்.

நாற்பத்தைந்து. ஒரு மயிரிழை கூடவே.

“அக்கா, பாருங்க!”

பார்த்தாள். மண்டியிட்டு முகத்தை முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தரம் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இருபது நாளாகத் தம்பி என்று கூப்பிட்ட வாய் அன்றைக்கு வேறு மாதிரி கூப்பிட்டது.

“என் பொண்ணு உங்க கிளாஸ்தான் சார். எடை மெஷினை லிஃப்ட்ல வச்சுப் பாருங்கன்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களாம். அதைப் பார்த்து உங்களுக்கு ஒரு சிரிப்பாவது வருமேன்னுதான் கொண்டுவந்தேன். எல்லாம் தெரிஞ்சும் எனக்காக இருபது நாள் ஏமாந்தீங்களே சார்!”