இண்டெக்ஸ் உதவாது

"அந்த நம்பர் மேல இண்டெக்ஸ் போட்டாலும் உதவாதுங்க!"

மருமக சொன்னதைக் கேட்டு என் கையில இருந்த வெங்காயம் நழுவிடுச்சு. பின்ன? அவ எதிர்த்துப் பேசினது கட்டின புருஷனை. அதுவும் ஆபீஸ் மீட்டிங்குல!

ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, வீட்டுல இருந்தே வேலை. இவ சாப்பாட்டு மேஜையில, எம்மவன் பெட்ரூம்ல. ஸ்கிரீன்ல மேனேஜரோட சேர்த்து பத்து தலை.

எங்க நாத்தனார் ஒருத்தி இருந்தா. புருஷன் தப்பான பஸ்ஸுல ஏத்தினாக்கூட வாயைத் திறக்க மாட்டா. ஒரு தடவை கல்யாணத்துக்குக் கிளம்பி, ரெண்டு பேரும் வேற எவன் வீட்டுக் கல்யாணத்துலயோ போய்... சரி, அது இப்ப எதுக்கு.

விஷயம் இதுதான். அவங்களோடது ரத்தம் குடுக்கறவங்களைத் தேடித் தர்ற சாஃப்ட்வேர். ராத்திரி கூப்பிட்டா வருவாரா, வண்டி இருக்கா, இந்த ஆமா-இல்லை எல்லாத்தையும் ஆளுக்கு ஒரே நம்பருக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்க. தேடினா ஆமை வேகம். ஆஸ்பத்திரிக்காரங்க திட்டித் தீர்க்கறாங்க. சரி பண்றவங்கதான் இனிமே டீம் லீட். மருமகளுக்கு அது ரொம்ப நாள் ஆசை.

"இண்டெக்ஸ் போட்டா பறக்கும்! சும்மா குறுக்க பேசாத!" எம்மவன் கத்தினது ஹால் வரைக்கும் கேட்டுச்சு. இண்டெக்ஸ்னா புஸ்தகத்துக்குப் பின்னாடி எது எந்தப் பக்கம்னு வரிசையா போட்டிருப்பாங்களே, அந்த மாதிரியாம்.

"இண்டெக்ஸ் மொத்த நம்பரைத்தானே வரிசைப்படுத்தும்? ராத்திரி வர்றவங்க அந்த வரிசை முழுக்கச் சிதறிக் கிடப்பாங்க. ஒவ்வொருத்தரா பார்த்துதான் ஆகணும்."

"எங்க, நிரூபி பார்க்கலாம்!"

"ஆமாம்மா, காட்டுங்க"ன்னார் மேனேஜர்.

காட்டினா. முதல்ல அவன் சொன்ன இண்டெக்ஸ். அதே ஆமை. அடுத்து, ராத்திரி வர்றவங்களை மட்டும் பிரிச்சு தனியா ஒரு இண்டெக்ஸ். கண்ணை மூடித் திறக்கல, பேரெல்லாம் மடமடன்னு வந்து விழுந்துச்சு!

ஸ்கிரீன் முழுக்க கைதட்டல். "இனி நீங்கதான் லீட்!"ன்னுட்டார் மேனேஜர்.

எனக்கு மருமகளைப் பார்த்தா பெருமை; ஆனா பெத்த வயிறாச்சே! பெட்ரூமுக்கு ஓடினேன். மூஞ்சியைத் தொங்கப் போட்டிருப்பான்னு பார்த்தா, மைக்கையும் கேமராவையும் அணைச்சுட்டு கட்டில் மேல நின்னு குதிச்சுட்டிருக்கான்!

"டேய், தோத்துட்டு எதுக்குடா ஆடற?"

"போம்மா! இதையேதான் அவ போன ரெண்டு மீட்டிங்லயும் சொன்னா, ஒருத்தரும் நிமிர்ந்துகூட பார்க்கல. நான் கத்தி எதிர்த்த பிறகுதானே 'காட்டுங்க'ன்னாங்க!"