தொண்டையில் நின்ற எழுத்து

“கழுத்துல ரெண்டு விரலை வச்சுக்கிட்டுச் சொல்லுங்க டெய்லரய்யா. தொண்டை இறுகறது விரல்ல தெரியணும்.”

டீச்சர் சொன்னபடி டெய்லர் விரலை வைத்துக்கொண்டு சொன்னார். அரபியின் ‘ஐன்’ எழுத்து வரவில்லை, வெறும் ‘அ’தான் வந்தது. வகுப்பே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

டீச்சருக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் வந்த வேகத்தில் அரபி கற்றுக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த மனிதர் மட்டும் ஒவ்வொரு பேட்சிலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, அரிச்சுவடியைத் தாண்ட மாட்டேன் என்கிறார்.

டீச்சரும் சொல்லாத யுக்தி இல்லை. வலமிருந்து இடமாகக் கையை ஓட்டச் சொல்லியாயிற்று. “ஒரு படகு போடுங்க, கீழே ஒரு புள்ளி வைங்க, ஒரு எழுத்து வந்தாச்சு. புள்ளியை மேலே வச்சா வேற எழுத்து, அவ்வளவுதான்” என்று பலகையில் வரைந்தும் காட்டியாயிற்று. படகு வரைக்கும் போட்ட டெய்லரின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஊசியில் நூல் கோக்கிற கைக்கு இது வராதா என்று கேலி செய்தால், வயசாயிடுச்சு, மண்டையில் ஏறவில்லை என்பார்.

ஒருநாள் மட்டும் ஓர் அதிசயம். வகுப்பு முடிந்து கீழே போன டீச்சர், மறந்துவிட்ட குடைக்காகத் திரும்ப மாடியேறினார். உள்ளேயிருந்து அதே எழுத்து அடித்தொண்டையில் பிசிறில்லாமல் கேட்டது. எட்டிப் பார்த்தால் டெய்லர் மட்டும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார்.

“இருமல் டீச்சரம்மா” என்றார். இவருக்காவது, அந்த எழுத்தாவது என்று டீச்சரும் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று வகுப்பு கலைந்த நேரத்தில் டெய்லரின் மனைவி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். வீட்டில் சார்ஜில் போட்டிருந்த அவருடைய ஃபோன் அவள் கையில் இருந்தது.

மகன் வெளிநாட்டில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறானாம். ரொம்ப நாளாக அவன் ஃபோன் எடுப்பதில்லையாம். கூட வேலை செய்கிறவன் ஒருவன் அரபியில் ஏதோ பேசி அனுப்பியிருக்கிறானாம். அதை அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது, நானே கற்றுக்கொண்டு சொல்கிறேன் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். தினமும் சோறு போடும்போது, இன்னைக்காவது புரிஞ்சுதா என்று அவளும் கேட்டபடிதான் இருக்கிறாளாம்.

“இவருக்கு இந்த ஜென்மத்துல வராதும்மா. நீங்க கேட்டுச் சொல்லிடுங்க. என் புள்ள எப்ப வர்றான்னு தெரிஞ்சா போதும்.”

டெய்லர் பதறிப்போய்க் கையை நீட்டினார். அதற்குள் டீச்சர் ஃபோனைக் காதில் வைத்துவிட்டார்.

இளவயதுக் குரல். அழுதுகொண்டே நிறுத்தி நிறுத்திப் பேசியது. எல்லாம் டீச்சர் முதல் மாதத்தில் சொல்லித்தருகிற சின்னச் சின்னச் சொற்கள்தான். படகு கவிழ்ந்துவிட்டது. நான் கரைக்கு வந்துவிட்டேன். உங்கள் மகன் இறந்துவிட்டான். கடல் அவனைத் திருப்பித் தரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் டெய்லர் கண்ணில் நீர் நிறைய நின்றிருந்தார். வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினார்.

அன்றைக்குக் கேட்டது இருமல் இல்லை. பாவி, இந்த மனிதரையா நாலு பேர் சிரிக்கும்படி பேசினோம் என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டார்.

“என்னம்மா சொல்றாங்க? நல்லாத்தானே இருக்கான்?” அந்தத் தாய் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சரின் வாயையே பார்த்தாள்.

டீச்சர் ஃபோனை டெய்லர் கையில் கொடுத்தார். குரல் வெளியே வருவதற்குத் தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“எனக்கும் புரியலைங்கம்மா.”