அடுத்த ஆள்

"ரிசல்ட் எந்தத் தேதின்னு சொன்னாங்களா?"

ஸ்கூட்டியை அணைக்காமலேயே ராதிகா கேட்டாள். இந்த வாரத்தில் நான்காவது முறை.

"இல்லடி," என்றாள் நிர்மலா.

ராதிகா தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மா பாப்பாத்தி நிமிர்ந்தாள்.

"இன்னாடி, தெனமும் வந்து கேட்டுகினு போவுது? உன் மேல அம்மாம் பாசமா?"



நுழைவுத் தேர்வு எழுதி, சென்னையில் எம்.எஸ்சி. கணிதம் படிக்க நிர்மலாவுக்கு இடம் கிடைத்திருந்தது. கடைசி செமஸ்டர் மார்க் ஷீட்டை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும்.

பன்னிரண்டாவது வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அப்புறம் ராதிகா சேலத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரிக்குப் போனாள். அவர்களே தேர்வு வைத்து, அவர்களே திருத்தி, மே மாதமே மார்க் ஷீட் கொடுத்துவிட்டார்கள். நிர்மலா படித்தது அரசுக் கல்லூரி. பல்கலைக்கழகம் எப்போது ரிசல்ட் விடுகிறதோ, அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆள், ராதிகா.

வியாழக்கிழமை விடிகாலையில் வேலைக்குப் போன பாப்பாத்தி பாதி வழியில் திரும்பி வந்தாள்.

"உன் கூட்டாளி மெட்ராஸ் பஸ் ஏறிடுச்சு. கையில பைலு வேற. நாளைக்கு வரைக்கும் பொறுக்க முடியல போல, இன்னிக்கே போய் உன் சீட்ல குந்திக்கப் போவுது."

"அவகிட்ட மார்க் ஷீட் இருக்கும்மா. போறா."

"பரிச்சையில நீதான முந்துன?"

"முந்துனா இன்னா, பேப்பர் வரலியே."

"நீயும் அந்த மாதிரி காலேஜ்ல சேந்திருந்தா..." பாப்பாத்தி பாதியில் நிறுத்தி, களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி வரை நிர்மலா செல்போனைத் தேய்த்துப் பார்த்தாள். ரிசல்ட் வரவில்லை. சென்னை ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"சார், கள்ளக்குறிச்சிலேருந்து நிர்மலா பேசறேன். எம்.எஸ்சி. மேக்ஸ். என் ரிசல்ட் இன்னிக்கு வராது சார். என் சீட்டை அடுத்து இருக்கற ராதிகாவுக்கே குடுத்துடுங்க. நல்லாப் படிப்பா சார்."

அழாமல் சொல்லி முடித்துவிட்டாள்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நிர்மலாவா? உங்களுக்குத்தான் பதினஞ்சு நாள் டைம் குடுத்தாச்சேம்மா. நேத்து ஒரு பொண்ணு வந்து, 'யுனிவர்சிட்டி லேட் பண்ணா அவ என்ன சார் செய்வா'ன்னு சாயங்காலம் வரைக்கும் டீன் ரூம் வாசல்லயே நின்னு ஆர்டர் வாங்கிட்டுத்தான் போச்சு."

"யாரு சார்?"

"நீங்க இப்ப சொன்னீங்களே, அந்த ராதிகாதான். வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேரே தன்னோடதுன்னு அந்தப் பொண்ணு வாயே திறக்கல. ஆர்டர் போட்டு முடிச்சப்புறம் பட்டியலைப் பாத்துத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."