மொட்டைக் கோபுரத்துக் கரிக்கோடு

ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தை வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பவுனம்மாளோ அதன் அடிச்சுவரைத்தான் பார்ப்பாள். மார்கழி ஏகாதசிக்கு முசிறிப் பக்கத்திலிருந்து வரும்போதெல்லாம் மகள் ரங்கநாயகியை அந்தச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு நேராகக் கரியால் ஒரு கோடு இழுப்பாள். மகள் குங்குமத்தில் கட்டைவிரலைத் தொட்டுக் கோட்டின் ஓரத்தில் பதிப்பாள். விரலில் கருக்கரிவாள் கீறிய தழும்பும் அதில் விழும்.

அப்படி ஐந்து கோடுகள். ஆறாவது ஏகாதசிக்கு முன்பே, பத்து வயதில், பிள்ளை விஷக்காய்ச்சலில் போய்விட்டாள்.

மூன்று வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் இந்தப் பக்கமே வரவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷ ஏகாதசிக்குப் புருஷன் தர்மராஜ்தான் வற்புறுத்தினார். "சாமிகிட்ட எத்தனை நாளைக்குக் கோவிச்சுக்கிட்டு இருக்கறது? கும்பிட்டுட்டு உடனே திரும்பிடலாம், வா."

சுவரில் எட்டுக் கோடுகள் இருந்தன.

"வேற யாராச்சும் அவங்க பிள்ளைக்குப் போட்டிருப்பாங்க" என்றார் தர்மராஜ்.

பவுனம்மாள் எட்டாவது கோட்டின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். குங்குமப் பதிவில் தழும்பு குறுக்கே ஓடியது. அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். கோடு அவள் காதுமடலுக்கு வந்திருந்தது.

கும்பிட்டுத் திரும்பும்போது தெற்கு வாசல் ஜவுளிக்கடை முன்னால் அவள் நின்றாள்.

"பாவாடை சட்டை இனிமே பத்தாதுங்க. ஒரு தாவணி எடுத்துச் சுவரோரம் வச்சிட்டுப் போவோம்."

தர்மராஜ் கடைக்குள் ஏறினார். கடைக்காரர் அரக்கு நிறத்தில் ஒன்றை விரித்துக் காட்டினார்.

"அது வேணாங்க" என்றார் தர்மராஜ். "அவளுக்கு அரக்கு பிடிக்காது."