பங்கு போட்ட கேன்

மூஞ்சிய அப்பிடி உம்முன்னு வச்சுக்காதீங்கப்பா. லயத்து வரிசையில பக்கத்து காம்பரா வீட்டுக்கு புது டிவி வந்தா அன்னைக்கு ஒங்க வீட்டு ரொட்டி தொண்டையில எறங்காது. எனக்குத் தெரியாதா? விஜிதரனும் நம்மள மாதிரிதான். என்ன, அவனுக்கு டிவி இல்ல, கேனு.

தேயிலை மலையில புல்லுக்கு அடிக்கிற மருந்து வருமே, நீலக் கேனு. அது காலியானா லயத்துல இருக்கிற கிராக்கி, கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுக்குக்கூட இல்ல. சவுக்காரம் போட்டு நாலு தரம் கழுவுனா, பீலிக் குழாயில தண்ணி புடிக்க அதவிட நல்ல சாமான் கெடையாதுன்னு எல்லாருக்கும் நெனப்பு.

அந்தக் கேனு மொத்தமும் அடுத்த காம்பரா சின்னராசாவுக்கே போய்க்கிட்டு இருந்துச்சு.

அவரும் முந்தி விஜிதரனோட சேந்து மருந்தடிச்சவருதான். போன வருசம் அவரு மக நிஷாந்தி, ஒம்பது வயசு, ரத்தத்துல கேன்சர் வந்து செத்துப்போச்சு. தோட்டத்துத் தொர பாவம் பாத்து அவர மருந்து ரூமுக்கு வாச்சராப் போட்டாரு. முதுகுல டேங்கி இல்ல, மழையில நனையத் தேவையில்ல, சம்பளம் மட்டும் அதேதான். காலிக் கேனெல்லாம் வீட்டுக்குப் பின்னால கொட்டில்ல கொண்டுபோய் பூட்டி வச்சாரு. விஜிதரன் பொண்டாட்டி பிரேமினி மூணு தரம் கேட்டுப் போனா. மூணு தரமும் இல்லன்னுட்டாரு.

முதுகுக்குத் தைலம் தேய்க்கிறப்பவெல்லாம் விஜிதரனுக்கு வயிறு எரியும். ஒரு நா பிரேமினிகிட்ட சொல்லியேபுட்டான்.

"புள்ள போனாலும் மனுசன் வசதியாத்தான் இருக்காரு."

அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

மறுநா காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல, எல்லாரும் நிக்கிறப்ப, வேலைய மேப்பாக்குற கண்டாக்கையாகிட்ட நியாயம் கேட்டான். தோட்டத்துச் சாமான் ஒரே வீட்டுக்கா, லயத்துக்கே பங்கு போடுங்கன்னான். கைதட்டு கெடைச்சிச்சு. சின்னராசா மட்டும் குடுக்காதீங்கய்யான்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. மனுசனுக்கு இம்புட்டு ஆசையான்னு சிரிச்சாங்க. மத்தியானத்துக்குள்ள மருந்து ரூம்ல புதுசா காலியாகிக் கெடந்த கேனு வீட்டுக்கு ஒண்ணு வந்து எறங்கிருச்சு.

சாயங்காலம் சின்னராசா வந்து கூப்பிட்டாரு. சண்டைக்குத்தான்னு விஜிதரன் சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போனான்.

கொட்டில்ல கேனு கூரை வரைக்கும் கெடந்துச்சு. ஒண்ணுலயும் தண்ணி நிக்காது. அத்தனையையும் கத்தியால கிழிச்சு வச்சிருந்தாரு.

"அஞ்சு வருசமா எம்புள்ள இந்த மாதிரி கேனுலதான் தம்பி தண்ணி குடிச்சுச்சு. நாந்தான் ஆசையாக் கொண்டாந்து வச்சேன். இதுனாலயான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். ஆமான்னும் சொல்ல ஏலாது, இல்லன்னும் சொல்ல ஏலாதுன்னுட்டாரு."

"இத ஏண்ணே யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா எம்பொண்டாட்டி காதுக்குப் போகும். பூரணி இன்னும் கடவுளத்தான் திட்டிக்கிட்டு இருக்கா. கேனு கொண்டாந்த நாந்தான் காரணம்னு நெனச்சுட்டா, அப்புறம் எம்மூஞ்சிய எப்பிடிப் பாப்பா?"

விஜிதரன் வீட்டுக்கு ஓடுனான். அவன் மக ஷாமிலா, ஆறு வயசு, புதுக் கேன சாய்ச்சு கோப்பையில ஊத்திக்கிட்டு இருந்தா. கோப்பையத் தட்டிவிட்டான். புள்ள வீல்னு அழுதுச்சு. கேன வாசல்ல போட்டு கத்தியால குத்திக் கிழிச்சான்.

அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டுக்கு, அழகுமுத்து அண்ணன் வீட்டுக்கு ஓடுனான். கேனத் திருப்பிக் குடுங்கன்னா யாரு குடுப்பா?

"காலையில பங்கு கேட்டவனும் நீ, சாயங்காலம் புடுங்க வந்தவனும் நீ. எல்லாத்தையும் நீயே அமுக்கப் பாக்குறியாடா?"

உள்ள அவரு பேரப்புள்ள தண்ணி கேக்குற சத்தம். நிஷாந்தி பேர எடுத்தா ஒரு நிமிசத்துல குடுத்துருவாங்க. ஆனா பூரணி அந்தா பீலியடியிலதான் நிக்கிறா.

விஜிதரன் வாசப்படியில ஒக்காந்துட்டான்.

"அண்ணே, அது வெசம் இருந்த கேனு. நாலு தரம் கழுவுனாலும் போகாது. சின்னராசா அண்ணன் அது நம்ம கைக்கு வராம தடுத்து வச்சிருந்தாரு. எனக்கு அவரு மேல பொறாம. அந்தப் பொறாமையிலதான் நான் இத ஒங்க வீட்டுக்குள்ள கொண்டாந்தேன்."