கேட்க ஓர் ஆள்

கதவைத் திறந்தவர் காவலாளிச் சீருடையில் இருந்தார். இரவு வேலைக்குக் கிளம்பும் நேரம்.

உங்கள் மகளின் அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றாள் பயிற்சி ஆசிரியை.

அவர் நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு உட்காரச் சொன்னார். மகள் அத்தையோடு கடைக்குப் போயிருந்தாள்.

ஆசிரியையே பேசினாள். பயிற்சிக்காக மூன்றாம் வகுப்பில் சின்னதாக ஓர் ஆராய்ச்சி செய்கிறாள். வாய்விட்டு வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் மாலையில் வீட்டில் யாருக்காவது ஒரு கதை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்க ஓர் ஆள் இருந்தால் வாசிப்பு தேறுமா என்று பார்க்கிறாள்.

ஒருவனின் தாத்தா இரண்டாவது வரியிலேயே குறட்டை விட்டாராம். ஒருத்திக்குப் பூனைதான் அகப்பட்டதாம்.

பள்ளிக்குப் புதிதாக வந்த இவர் மகள் மட்டும் தினமும் அம்மா கேட்டாங்க என்றாள். எழுத்துக்கூட்டித் திணறியவள் இப்போது தடங்கலே இல்லாமல் வாசிக்கிறாள். அப்படி என்னதான் செய்தீர்கள் என்று அந்த அம்மாவிடமே கேட்க வேண்டும்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். பூப்போட்ட உறை; மனைவியின் போன்.

அவள் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. மாலையானால் மகள் அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். கதையை வாசித்து, குரல் செய்தியாக அம்மாவின் எண்ணுக்கு அனுப்புவாள். காலையில் அவர் வேலை முடிந்து வந்ததும் முதலில் போனைத்தான் கேட்பாள். செய்திக்குக் கீழே நீலக் குறி விழுந்திருக்கும். அந்தப் பக்கம் கேட்டாயிற்று என்று அர்த்தம்.

“டியூட்டில உக்காந்து நான்தாங்க கேக்கறேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

ஆசிரியை சரியென்று தலையசைத்தாள்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு கதைப் புத்தகம் எடுத்துப் போனார்கள். அவர் மகள் மட்டும் நின்றாள். அலமாரிப் பக்கம் போகவில்லை. ஆசிரியையின் மேஜையருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“சிரிப்பு வர்ற கதையா குடுங்க மிஸ். நேத்து குட்டியானை அம்மாவத் தேடற கதையப் படிச்சிட்டேன். காலைல அப்பாவுக்குக் கண்ணு வீங்கிப் போயிருந்துச்சு.”